மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

மாடியில் ஒரு ரூம் எடுக்கவும், கொல்லைப்பக்கம் சமையல்கட்டை இழுத்துக் கட்டவும் நாள் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர்களுக்கு,

கட்டட வேலையிலேயே காலம் தள்ளிய ஒரு சிவில் இன்ஜினியர் எழுதும் கடிதம் இது. உங்கள் சங்கதி எனக்குத் தெரியாததல்ல. மகனுக்குப் பெண் பார்த்தாகிவிட்டது, தனியாக ஒரு ரூம் வேண்டும். அல்லது மாடியில் ஒரு போர்ஷன் எடுத்தால் ரிட்டையர் ஆன பிறகு வாடகை கைச்செலவுக்கு ஆகும். அல்லது அம்மாவுக்கு முழங்கால் வலி, படுக்கிற ரூமை ஒட்டியே ஒரு பாத்ரூம் வேண்டும். நியாயமான தேவைகள். பணமும் ஓரளவு சேர்ந்துவிட்டது. குறைந்தால் நகையை வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் பேசி முடித்திருப்பீர்கள். டைல்ஸ் என்ன நிறம் என்பதுகூட முடிவாகியிருக்கும். கீழே இருக்கிற வீடு இதையெல்லாம் தாங்குமா என்பது மட்டும் பேச்சில் வந்திருக்காது.

வந்திருக்கிறது என்பீர்கள். மேஸ்திரியிடம் கேட்டீர்கள். அவர் மொட்டை மாடிக்கு வந்து, குதிகாலால் இரண்டு தட்டு தட்டி, கைப்பிடிச் சுவரைத் தொட்டுப் பார்த்து, "தாராளமா ஏத்தலாம் சார், அந்தக் காலத்துக் கட்டடம்" என்று சொன்னார். அதோடு பேச்சு சதுர அடி ரேட்டுக்குப் போய்விட்டது. லேபர் காண்ட்ராக்டா, மெட்டீரியலோடு சேர்த்தா? சிமென்ட் யார் எடுத்துக் கொடுப்பது? டீ காசு தனியா?

மேஸ்திரிகளைக் குறைத்துப் பேச நான் இதை எழுதவில்லை. என் தொழிலில் பாதியை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்களே அவர்கள்தான். தூக்குக்குண்டு விட்டுச் சுவரை ஏற்றுவதும், மூலைமட்டம் வைத்து நிலை நிறுத்துவதும், எம்-சாண்டைக் கையில் அள்ளிப் பிசைந்தே அதில் தூசி எவ்வளவு என்று சொல்வதும் எந்தக் காலேஜிலும் வராத வித்தை. ஆனால் ஒரு சுவர் எவ்வளவு சுமக்கும் என்பது கண்ணுக்குத் தெரிகிற சங்கதி இல்லை. அவர் கண்ணுக்கும் தெரியாது, என் கண்ணுக்கும் தெரியாது. கணக்குப் போட வேண்டும். அதைவிட முக்கியமாக ஒன்றை யோசியுங்கள்: "ஏத்தலாம்" என்று சொன்னால்தான் அவருக்கு வேலை, "வேண்டாம்" என்றால் இல்லை. அப்படிப்பட்ட ஒருவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதே தப்பு. பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பதிலில் பிழைப்பு மாட்டிக்கொண்டிருக்கும் ஆளிடம் நல்ல பதிலை எதிர்பார்ப்பது அவருக்கும் செய்கிற அநியாயம் என்கிறேன்.

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். உள்ளளவு 12க்கு 12 அடி ரூம் ஒன்று. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், பத்தடி உயரம் என்றால் ஒரு மீட்டர் நீளத்துக்கே ஏறத்தாழ 1.3 டன். நாலு பக்கமும் சுற்றி, கதவு ஜன்னல் போக, 18 டன் வரும். ஐந்து அங்குல ஸ்லாப் ஐந்து டன். பூச்சு, தரை, மேலே வெயில் மழைக்குப் போடும் தட்டோடு எல்லாம் சேர்த்து இன்னொரு ஐந்தாறு டன். கட்டில், பீரோ, ஆட்கள் என்று புழக்கத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ எடுக்கச் சொல்கிறது இந்தியத் தர நிர்ணயம். அது இரண்டே முக்கால் டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, "சின்னதா ஒரு ரூம்தானே" என்று நீங்கள் சொல்வது 30 டன்னைத் தாண்டும். அதற்கு மேல் ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்றைத் தூக்கி வைப்பீர்கள், நிரம்பினால் தண்ணீர் மட்டும் ஒரு டன். இத்தனையும் எந்தச் சுவர் வழியாக, எந்தத் தூண் வழியாக மண்ணுக்கு இறங்கப் போகிறது? குதிகாலால் தட்டினால் இதற்குப் பதில் வராது.

வீட்டுக்கு வீடு சங்கதி வேறு. தாத்தா கட்டிய வீட்டில் இருக்கிறவர்கள் அண்ணாந்து பாருங்கள். தேக்கு உத்திரமும் கட்டையும், அதன்மேல் குத்துக்கல்லாகப் பதித்த சின்னச் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக இருந்தால் அது மெட்ராஸ் டெரஸ். வெயிலுக்கு அதைப்போல் குளுமை கிடையாது. ஆனால் அதன்மேல் ரூம் எடுக்கவே கூடாது; அந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். அடுத்து, தூணே இல்லாமல் சுவர்மேலேயே ஸ்லாப் உட்கார்ந்திருக்கும் வீடுகள். இவற்றில் சுவர்தான் தூண். கருங்கல் அஸ்திவாரம் எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்று ஓரமாக ஒரு குழி தோண்டிப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். தோண்ட அரைநாள் போதும், இரண்டு ஆள் கூலி. அதற்கு யோசிக்கிறீர்கள்.

மூன்றாவது வகை வீட்டுக்காரர்களோடுதான் எனக்கு வாக்குவாதம் அதிகம். மொட்டை மாடியில் தூண் தலைப்புகளில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் மாடி எடுக்கலாம் என்று விட்டு வைத்தது. அதைக் காட்டி, "அப்பவே யோசிச்சுத்தான் சார் விட்டிருக்கு" என்பீர்கள். கம்பி விட்டார்கள் என்றால் ஆசை இருந்தது என்று அர்த்தம். அந்த ஆசைக்குத் தக்கபடி அஸ்திவாரம் போட்டார்களா என்பதைக் கம்பி சொல்லாது. கிட்டப்போய்க் குனிந்து பாருங்கள். பத்துப் பதினைந்து மழைக்காலம் நனைந்த கம்பி அது. சுத்தியலால் லேசாகத் தட்டினால் துரு செதில் செதிலாகக் கொட்டும். அதுகூடப் பரவாயில்லை. கம்பி காங்கிரீட்டுக்குள் இறங்குகிற வாய்ப்பகுதியைச் சுரண்டிப் பாருங்கள். தண்ணீர் தேங்கி நிற்பது அங்கேதான், துரு அதிகம் தின்பதும் அங்கேதான். 12 மில்லிக் கம்பி அந்த இடத்தில் 9 மில்லியாகத் தேய்ந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். விட்டத்தில் கால்வாசி போனால் வலுவில் ஏறக்குறைய பாதி போய்விட்டது என்று அர்த்தம். புதுக் கம்பியை இதோடு சேர்க்க இரண்டடி ஒட்டாவது வேண்டும். நீட்டிக்கொண்டிருப்பது ஒரு அடி. "வெல்டு வெச்சுக்கலாம்" என்பார் கம்பி கட்டுகிறவர். டி.எம்.டி கம்பியில் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று வெல்டு வைத்தால் அந்தச் சூட்டிலேயே அதன் வலு இறங்கிவிடும். தூண் தலையைக் கொத்தி நல்ல கம்பி தெரிகிறவரை இறங்குவது, அல்லது துளைபோட்டுக் கெமிக்கல் வைத்துப் புதுக் கம்பி நடுவது என்று வழிகள் இருக்கின்றன. எது உங்கள் வீட்டுக்குச் சரி என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

கீழேயே ஒட்டிக் கட்டப்போகிறவர்கள், நமக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்காதீர்கள். பழைய வீடு இத்தனை வருஷத்தில் மண்ணில் அமுங்க வேண்டிய அளவு அமுங்கிவிட்டது. புதுச் சுவர் இனிமேல்தான் அமுங்கும். இரண்டையும் பல் விட்டுக் கோத்துக் கட்டினால் முதல் மழைக்குப் பிறகு அந்த இணைப்பில் மேலிருந்து கீழ்வரை கோடு விழும். பிறகு அதைப் பட்டி வைத்து மூடுவீர்கள், மறுவருஷம் மறுபடியும் வரும். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணில் கேட்கவே வேண்டாம். மழைக்கு உப்பி, கோடைக்குச் சுருங்கி வெடிக்கிற மண் அது. பழையதையும் புதியதையும் இடைவெளி விட்டுத் தனித்தனியாக நிறுத்துவதா, சேர்ப்பதானால் எப்படிச் சேர்ப்பது என்பது வேலை தொடங்கும் முன் தீர்மானிக்க வேண்டியது. இன்னொன்று, புதுச் சுவருக்குப் பழைய அஸ்திவாரத்தை ஒட்டி நீளவாக்கில் ஒரே மூச்சில் ஆழமாகத் தோண்டுகிறார்கள். பழைய சுவரின் காலடி மண் சரிந்தால் என்ன ஆகும்? துண்டு துண்டாகத் தோண்டிக் கட்டிக்கொண்டே போக வேண்டிய இடம் அது. ஜே.சி.பி வந்துவிட்டால் இந்தப் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை.

அப்புறம், ஹாலைப் பெரிதாக்க நடுச்சுவரை எடுக்கிறவர்கள். உங்களுக்காகத் தனிக் கடிதமே எழுத வேண்டும். இப்போதைக்கு, யாரும் வந்து பார்க்காமல் அந்தச் சுவரில் ஒரு கல்லைக்கூட உருவாதீர்கள்.

நீங்கள் இன்ஜினியர்களான எங்களைக் கூப்பிடாததற்கு உங்கள் பக்கமும் காரணம் இருக்கிறது. எங்கள் தொழில் உங்களிடம் நடந்துகொண்ட விதம் அப்படி. "பிளான் மட்டும் போட்டுக் கொடுங்க சார்" என்று நீங்கள் வந்தால், இடத்தைப் பார்க்காமலேயே வரைந்து கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்துவிடுகிற ஆட்கள் எங்களில் இருக்கிறார்கள். அலுவலகத்துக்குப் போன பிளான் ஒன்று, மேஸ்திரி கையில் இருப்பது ஒன்று, கடைசியில் எழும்புவது மூன்றாவது. பேங்க் லோனுக்கு எஸ்டிமேட் கேட்பார்கள்; அதையும் எழுதிக் கொடுப்போம், லோன் தொகைக்குத் தக்கபடி. அந்தத் தாளில் உங்கள் வீட்டுத் தூணின் அளவுகூட இருக்காது. இப்படி ஒரு கையெழுத்துக்குக் காசு கொடுத்துப் பழகியவர்கள், இன்ஜினியர் என்றால் தண்டச் செலவு என்று நினைப்பதில் ஆச்சரியம் என்ன? சின்ன வேலை என்றால் போனையே எடுக்காத பெரிய இன்ஜினியர்களும் உண்டு. இந்தக் கோபங்களெல்லாம் நியாயம்தான். ஆனால் கோபத்துக்காக விட்டுவிடுகிற வேலை உங்கள் தலைக்கு மேலே நிற்கப் போகிறது.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் பக்கத்து மனைக்கு எவ்வளவு இடம் விட வேண்டும், எவ்வளவு உயரம் போகலாம் என்றெல்லாம் விவரமாகச் சொல்கின்றன. 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்குச் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதியும் வந்துவிட்டது. நல்லதுதான், அலைச்சல் குறைந்தது. இருக்கிற வீட்டில் சேர்த்துக் கட்டும் உங்கள் வேலைக்கு அது பொருந்துமா என்பதை உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த வழியில் வாங்கினாலும் அனுமதி என்பது அனுமதி, அவ்வளவுதான். உங்கள் பழைய அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்க எந்த அலுவலகத்திலிருந்தும் ஆள் வர மாட்டார். கட்டி முடித்தபின் வீட்டு வரியைக் கூட்ட வேண்டுமானால் வருவார்கள்.

சரி, யாரைக் கூப்பிடுவது? எல்லாவற்றுக்கும் ஆள் தேட வேண்டாம். டைல்ஸ் மாற்றவும், சமையல் மேடையை உயர்த்தவும், பெயின்ட் அடிக்கவும் உங்கள் மேஸ்திரியே போதும். அதற்குப் போய் ஒருவருக்கு ஃபீஸ் கொடுத்தால் நானே சிரிப்பேன். ஷீட் போட்ட கொட்டகைக்கும் பெரிதாகத் தேவையில்லை, தூணை ஸ்லாபில் எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டால். (2018இல் கஜா புயல் வந்தபோது காவிரி டெல்டாவில் ஷீட்டெல்லாம் எங்கே போய் விழுந்தன என்று நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கேட்டுப் பாருங்கள்.) சுமை ஏறுகிற, சுமை மாறுகிற வேலை என்றால்தான் ஆள் வேண்டும். ஒரே ரூமுக்கு ஆர்க்கிடெக்டைத் தேட வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். மாடிப்படி எங்கே வருவது, காற்று எப்படி வருவது என்று குழப்பமிருந்தால் அவர் உதவுவார். பெயர்ப்பலகையைப் பார்த்து ஏமாறாதீர்கள். 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட் சட்டப்படி, அதற்கான கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளலாம். இன்ஜினியர் என்று போட்டுக்கொள்ள நாடு முழுமைக்கும் அப்படி ஒரு சட்டம் இல்லை. அதனால் உள்ளாட்சியில் பதிவு இருக்கிறதா, ஸ்ட்ரக்சுரல் டிசைன் செய்து பழக்கமுண்டா, இதற்குமுன் பழைய வீட்டின்மேல் ஏற்றிய வேலை எது, போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். கூடவே ஒரு நிபந்தனை: அந்த வேலையைக் கட்டிக் கொடுக்கப்போகிறவர் அவராக இருக்கக்கூடாது. மேஸ்திரிக்குச் சொன்ன நியாயம் இன்ஜினியருக்கும் உண்டு.

வந்து பார்க்கும் இன்ஜினியர் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் கல்யாணத்துக்கு என்ன செய்வது என்று பயப்படுகிறீர்கள். எனக்குத் தெரிந்து பாதிக் குடும்பங்கள் எங்களைக் கூப்பிடாததற்கு இந்தப் பயம்தான் காரணம், காசு அல்ல. ஆனால் வேண்டாம் என்பதோடு பேச்சு முடிவதில்லை. செங்கல்லுக்குப் பதில் ஏ.ஏ.சி என்ற இலேசான பிளாக் வைத்தால் சுவரின் எடை மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஸ்லாபுக்குப் பதில் இரும்புச் சட்டமும் ஷீட்டும் போட்டு உள்ளே சீலிங் அடிக்கலாம். பழைய சுவரைத் தொடாமல் வெளியே நாலு புதுத் தூண்களைத் தரையிலிருந்தே எழுப்பி, அவற்றின் மேல் ரூமை உட்காரவைக்கலாம். ரூமை இரண்டடி நகர்த்தி, கீழே இருக்கிற சுவருக்கு நேர்மேலே புதுச் சுவர் வரும்படி செய்தாலே சில வீடுகளில் காரியம் முடிந்துவிடும். இந்த யோசனைகளெல்லாம் சென்ட்ரிங் அடித்தபிறகு வந்து பிரயோஜனமில்லை.

வேலை ஓடும்போது ஒரே ஒரு நாள் மட்டும் இன்ஜினியர் திரும்ப வர வேண்டும் என்றால், காங்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வரச்சொல்லுங்கள். பால்கனி வைக்கிறீர்கள் என்றால் கட்டாயம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிக்குக் கம்பி ஸ்லாபின் மேல்பக்கம் இருக்க வேண்டும், அங்கேதான் இழுவிசை. கம்பி கட்டுகிறவர் சரியாகத்தான் கட்டியிருப்பார். மறுநாள் காலையில் மிக்சர் ஓட ஆரம்பித்ததும் சட்டியோடு வரும் ஆட்கள் எல்லாரும் அதன்மேல் ஏறி நடப்பார்கள். கீழே முட்டுக் கொடுக்கும் சேர் கம்பி இல்லையென்றால் மேல் கம்பி மெல்ல மெல்லப் பலகைவரை இறங்கிவிடும். கலவை கொட்டியபின் யாருக்குத் தெரியும்? சென்ட்ரிங் பிரிக்கிற அன்று தெரியும். அல்லது ஐந்து வருஷம் கழித்து, நாலு பேர் சேர்ந்து நின்று ஊர்வலம் பார்க்கிற அன்று.

மிக்சர்க்காரர் கையில் இருக்கும் ஹோஸையும் பாருங்கள். எம்-20 கலவை சிமென்ட் ஒன்றுக்கு மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று என்று போட்டால், ஒரு மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணீருக்கு மேல் விடக்கூடாது. தண்ணீர் கூடினால் தள்ளுவதற்குச் சுகம், அதனால் அவர் ஹோஸை மூட மாட்டார். கடையில் உங்களுக்குக் கிடைக்கும் சிமென்ட் பெரும்பாலும் பி.பி.சி (பொசோலானா கலந்தது), அதற்குப் பத்து நாளாவது தண்ணீர் கட்ட வேண்டும், நம் வெயிலுக்குப் பதினாலு நாள் நல்லது. நாலரை மீட்டர் வரையுள்ள ஸ்லாபுக்கு முட்டு ஏழு நாளாவது, பீமுக்குப் பதினாலு நாளாவது இருக்க வேண்டும். சென்ட்ரிங் பலகைக்கு அடுத்த வீட்டில் ஆள் காத்திருக்கிறார் என்று சீக்கிரம் பிரிக்கக் கேட்பார்கள். அன்று நீங்கள் முகத்தாட்சண்யம் பார்க்கக்கூடாது.

இதற்கெல்லாம் என்ன செலவாகும்? அந்த ஒரு ரூமுக்கு இன்றைய விலையில் நாலைந்து லட்சமாவது போடப்போகிறீர்கள். வந்து பார்த்து, குழி தோண்டிப் பார்த்து, கணக்குப் போட்டுக் கம்பி விவரத்தோடு ஒரு தாள் வரைந்து கொடுக்க எங்கள் பக்கத்து ஊர்களில் ஆகும் செலவு, மெயின் கதவுக்கு நீங்கள் பார்த்து வைத்திருக்கும் தேக்கு நிலையின் விலைகூட வராது. பேரம் பேசுங்கள், தப்பில்லை. இனாமாக மட்டும் கேட்காதீர்கள். இனாமாக வருகிறவர் மாடிப்படியில் நின்றே பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

ஆடியில் நீங்கள் வேலை தொடங்கப்போவதில்லை. வீட்டில் பெரியவர்கள் விடமாட்டார்கள். ஆவணியில் முகூர்த்தம் பார்த்துப் பூஜை போடுவீர்கள். நடுவில் சும்மா கிடக்கும் அந்த ஆடி மாதத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன். அதில் ஒரு நாள் இன்ஜினியரையும் மேஸ்திரியையும் ஒரே நேரத்தில் மொட்டை மாடிக்கு வரச்சொல்லுங்கள், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவரை வேண்டாம். அஸ்திவாரம் என்ன, அது எவ்வளவு தாங்கும், புதுச் சுமை எந்த வழியாக இறங்கும் என்று இன்ஜினியரிடம் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். அந்தத் தாளில் ஒரு நகல் மேஸ்திரி கையில் போகட்டும். அட்வான்ஸை அதற்குப் பிறகு கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப்பக்கத்து சிவில் இன்ஜினியர் ஒருவர்